நம்ம பின்கோடுகளைப் பிரித்துத் தர நாலு பேர் தேவை

வியாசர்பாடி மாலை வகுப்புச் சுவரில் வடசென்னை பின்கோடுகளின் பகாக் காரணிகளை எழுதி ஒட்டப் போகிறோம். கையால் போட்டுச் சரிபார்க்க ஆள் வேண்டும்.

600039 முடிந்தது. இலக்கக் கூட்டல் 18, ஆகவே 9-ஆல் வகுபடும், ஈவு 66671. அதை 11-ஆல் வகுத்தால் 6061, இன்னொரு முறை 11-ஆல் வகுத்தால் 551. நிறைய பேர் 551-ஐப் பகா எண் என்று நிறுத்திவிடுகிறார்கள். 17 வரை எதுவும் வகுக்காது, 19 வகுக்கும்: 19 × 29. ஆக 3² × 11² × 19 × 29, மொத்தம் 36 வகுத்திகள்.

வகுத்திகளின் கூட்டுத்தொகை 13 × 133 × 20 × 30 = 10,37,400. இதில் 13 × 133 என்பது 1729, ராமானுஜன் எண்ணேதான்! பிள்ளைகளுக்கு இதை அவசியம் காட்டுங்கள். 3²-க்கு 1+3+9 = 13, 11²-க்கு 1+11+121 = 133, 19-க்கு 1+19, 29-க்கு 1+29 என்றுதான் எடுக்க வேண்டும்; 3²-க்கு 4 × 4 என்று போட்டால் விடை தப்பு. கூட்டுத்தொகையிலிருந்து 600039-ஐக் கழித்தால் மிஞ்சுவது 4,37,361. அது 600039-ஐவிடச் சிறியது, அதனால் இது குறைவெண்.

தண்டையார்பேட்டை 600081-ஐ 3-ஆல் வகுத்தால் 200027. முதல் 65 பகா எண்களும் இதை வகுக்காது, 66-ஆவதான 317 வகுக்கும், ஈவு 631. நூறோடு நிறுத்தினால் ஏமாந்துவிடுவோம்.

மீதி இருப்பது ராயபுரம் 600013, திருவொற்றியூர் 600019, பெரம்பூர் 600011. வர்க்கமூலம் 774-ஐ ஒட்டி வருவதால் 773 வரை உள்ள 137 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஒரு எண்ணை இரண்டு பேர் தனித்தனியாகப் போடுங்கள். ஒவ்வொரு வகுத்தலுக்கும் மீதியை எழுதி அனுப்புங்கள், 'வகுபடாது' என்று மட்டும் எழுதினால் பிழை எங்கே என்று பிடிக்க முடியாது. எந்த எண்ணை எடுக்கிறீர்கள் என்று கீழே சொல்லுங்கள்.