மூடாத இமை, திறக்காத இமை: உங்க வீட்ல யாருக்காவது?

திருச்சிக்காரன்:
அப்பாவுக்கு முகவாதம் வந்து இப்ப முக்காவாசி சரியாயிடுச்சு. வாய் கோணினது, காபி ஒரு பக்கமா ஒழுகினது எல்லாம் தெரிஞ்ச கதைதான். எனக்கு மறக்க மாட்டேங்குறது ஒரு ராத்திரி. தண்ணி குடிக்க எழுந்தேன். ஹால்ல அப்பா படுத்திருக்கார். இடது கண் மூடியிருக்கு. வலது கண் பாதி திறந்தபடி, உள்ள வெறும் வெள்ளை. கருவிழியே காணோம். உசுரே போயிடுச்சு எனக்கு. மூச்சு வருதான்னு குனிஞ்சா, குறட்டை! டாக்டர்கிட்ட சொன்னேன். கண்ணை மூடும்போது பெரும்பாலானவங்களுக்கு முழி மேல போகுமாம், இமை மறைச்சிடறதால யாரும் பார்க்கறதில்லையாம். களிம்பு போட்டு, இமையைப் பிளாஸ்திரி ஒட்டித் தூங்க வைக்கச் சொன்னார்.

மீனா_மதுரை:
எங்கம்மாவுக்கு நேர் எதிர். மூடும், திறக்காது. காலைல நல்லா இருப்பாங்க, சீரியல் நேரத்துக்கு இடது இமை தொங்கிடும். அண்ணாந்துக்கிட்டே டிவி பார்ப்பாங்க. அசதின்னு விட்டுட்டோம். அப்புறம் எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுன்னாங்க. நரம்பு டாக்டர் ஒரு கையுறைக்குள்ள ஐஸைப் போட்டுக் கட்டி, இமை மேல ரெண்டு நிமிஷம் வெச்சார். எடுத்தா இமை மேல ஏறி நிக்குது! அம்மா கண்ணாடி கொண்டாங்கன்னாங்க. கண்ணாடி வர்றதுக்குள்ள பாதி இறங்கிடுச்சு. மயஸ்தீனியாவாம், நரம்போட உத்தரவு தசைக்குச் சரியாப் போய்ச் சேராம தசை சீக்கிரம் சோர்ந்துபோற வியாதி. மாத்திரைல ஓடுது.

கரிசல்காட்டான்:
இதெல்லாம் பெரிய வியாதி. என் பையனுக்கு வெறும் கண்கட்டி. ஆத்தா நாமக்கட்டி இழைச்சுப் பூசுச்சு, போயிடுச்சு. பள்ளிக்கூடத்துல நாமம் போட்ட கண்ணன்னு பேரு வெச்சதுதான் மிச்சம். திருச்சி அண்ணே, அப்பாவுக்கு புறா ரத்தம் தடவலையா? எங்க பக்கம் அதான் தடவுவாங்க.

நர்ஸம்மா_ஓய்வு:
கரிசல் தம்பி, கோவிச்சுக்காதீங்க. கண்கட்டி நாமக்கட்டி போட்டாலும் போகும், போடாட்டியும் போகும். சுத்தமான துணியை வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்சு பத்து நிமிஷம் ஒத்தடம், தினம் மூணு நாலு தடவை. பிதுக்கக் கூடாது. புறா ரத்தம் எதுக்கும் உதவாது. முகம் கோணினா நெத்தியைச் சுருக்கச் சொல்லிப் பாருங்க. முகவாதத்துல அந்தப் பக்க நெத்தியும் சுருங்காது. பக்கவாதத்துல பெரும்பாலும் நெத்தி சுருங்கும், வாய் மட்டும் இழுக்கும், கை தளரும், பேச்சு குழறும். எதுவானாலும் வீட்ல முடிவு பண்ணாம உடனே ஆஸ்பத்திரி. முகவாதத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும். பக்கவாதம்னா ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான். புறா பிடிக்கப் போனா அது போச்சு. மீனா, உங்க கதையைப் படிச்சுட்டு யாரும் வீட்ல ஐஸ் வெச்சு சோதிக்க வேணாம். திடீர்னு இமை தொங்கி, கூடவே தலைவலி, கண்மணி விரிஞ்சிருந்தா மூளை ரத்தக்குழாய் வீங்கியிருக்கலாம். நேரா எமர்ஜென்சி.
என் அனுபவம் ஒண்ணுதான். லாரி ஓட்டுறவர் ஒருத்தர், முகவாதம், மூடாத கண்ணோடவே லோடு அடிச்சிருக்கார். காத்தும் தூசியும் பட்டுக் கருவிழி புண்ணாகி வெள்ளை விழுந்துதான் வந்தார். முகம் நேராச்சு. பார்வை திரும்பலை.

கரிசல்காட்டான்:
நான் தடவுங்கன்னா சொன்னேன்? தடவுவாங்கன்னுதானே சொன்னேன். நாமக்கட்டியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்க்கா.

திருச்சிக்காரன்:
புறாவோட பக்கத்துத் தெரு மாமா ஒருத்தர் வந்தது வாஸ்தவம். அம்மா வாசல்லயே காபி கொடுத்து அனுப்பிட்டாங்க. அது கிடக்கட்டும். அப்பாவுக்கு இப்ப சோறு மெல்லும்போதெல்லாம் வலது கண்ல தண்ணி ஊத்துது, சிரிச்சா அந்தக் கண்ணு சுருங்குது. நரம்பு திரும்ப வளர்றப்ப வழி மாறிப் போகும்னு டாக்டர் சொல்றார். இது யாருக்காவது இருந்து போயிருக்கா?