மறு: 'சவுண்ட் சிக்னேச்சர்' – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

ஓர் இயர்போன் எந்த ஒலியைத் தூக்கி, எதை அடக்கித் தருகிறது என்பதுதான் அதன் 'சவுண்ட் சிக்னேச்சர்'. விலை குறைந்த இயர்போன் வாங்குகிறவர்களுக்கான கையேட்டுக்கு அதற்கொரு சொல் கேட்டு ஆரம்பித்த இழை இது. இப்போது வேர்ச்சொல் ஆராய்ச்சிக்குள் போய்விட்டது. சுவையாகத்தான் இருக்கிறது, ஆனால் கையேடு நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதனால் இதுவரை வந்த சொற்களை எடுத்து, வாங்கப் போகிறவர் வாயில் அவை எப்படி வரும் என்று மட்டும் பார்க்கிறேன்.

> 'ஒலிக்கையொப்பம்' என்றே வைத்தால் என்ன? ஆங்கிலம் தெரிந்தவருக்குச் சட்டென்று விளங்கும்.

ஆங்கிலம் தெரிந்தவருக்கு ஆங்கிலச் சொல்லே விளங்கிவிடுமே, ஐயா. மற்றவருக்குக் கையொப்பம் என்றதும் பத்திரம்தான் நினைவுக்கு வரும். 'ஒலிமுத்திரை'யிலும் இதே சிக்கல். போதாததற்கு, முத்திரை என்றால் ஆளுக்கொன்று, தனித்தனி என்று ஆகிவிடுகிறது. நாம் பேசுவது வகைகளைப் பற்றி. வெவ்வேறு நிறுவனங்களின் பத்து இயர்போன்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கலாம்.

> ஒலிப்பண்பு?

நல்ல சொல்தான், ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. வயலினும் புல்லாங்குழலும் ஒரே சுரத்தை வாசித்தாலும் இது இது, அது அது என்று காது பிரித்துச் சொல்கிறதே, அந்த வேறுபாட்டுக்குப் பலரும் அதை எழுதுகிறார்கள். அது இசைக்கருவியின் சொத்து. நமக்கு வேண்டியது, உள்ளே எது வந்தாலும் அதை ஒரு பக்கமாகச் சாய்த்து வெளியே விடும் இயர்போனின் பழக்கத்துக்கு ஒரு பெயர்.

சாய்த்து என்று எழுதும்போதே சொல் வந்துவிடுகிறது. தோழி ஒருவர் முன்மொழிந்து, யாரும் கவனிக்காமல் விட்ட ஒலிச்சாயல் எனக்குப் பிடித்திருக்கிறது. பழந்தமிழில் சாயல் என்றால் மென்மை என்று உடனே மடல் வரும், தெரியும். ஆனால் 'அப்பா சாயல்' என்று இன்று சொல்கிறவர் யாரும் அப்பாவின் மென்மையைச் சொல்வதில்லை. ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று தெரிகிற தோற்றத்தைச் சொல்கிறார்கள். சாய்மானம் என்ற பொருளும் காதில் விழுகிறது. ஒரு சொல்லில் இரண்டும் கிடைத்தால் விடுவானேன்?

ஆனால் தலைச்சொல் மட்டும் போதாது. 'எனக்கு எந்தச் சாயல் பிடிக்கும்?' என்று ஒருவர் கேட்டால் அதன் வகைகளைச் சொல்லத் தெரிய வேண்டும். பேஸ் (தாழ்ந்த ஒலி), மிட் (இடைப்பட்ட ஒலி), டிரெபிள் (உயர்ந்த, கீச்சென்ற ஒலி) மூன்றுக்கும் சொல் இல்லாமல் வகை சொல்ல முடியாது.

> தமிழிசையில் மெலிவு, சமன், வலிவு என்று மூன்று மண்டிலங்கள் (ஸ்தாயிகள்) இருக்கின்றன. ஏன் புதிதாகத் தேட வேண்டும்?

ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. வலிவு மண்டிலத்தில் உச்சத்துக்குப் போகும் பாடகியின் குரலைக்கூட அளந்து பாருங்கள்: அடிப்படை அதிர்வெண் 1,000 ஹெர்ட்ஸை (நொடிக்கு 1,000 அதிர்வுகளை) எட்டுவதே அரிது. பியானோவின் கடைசிக் கட்டையே 4,186 ஹெர்ட்ஸ்தான். இயர்போன்காரர்கள் டிரெபிள் என்பது ஏறக்குறைய அங்கிருந்துதான் தொடங்கி 20,000 வரை போகிறது. அந்தப் பகுதியில் சுரம் என்று அநேகமாக எதுவும் கிடையாது. சுரங்களின் மேலொலிகள் (சுரத்தோடு சேர்ந்து எழும் உயர் அதிர்வுகள்), ஜால்ராவின் சிலிர்ப்பு, 'ஸ', 'ஷ' சொல்லும்போது பல்லிடுக்கில் வரும் காற்று, இவைதான் இருக்கின்றன. ஆக, மூன்று மண்டிலங்களும் பெரும்பாலும் மிட் என்ற ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும். இதில் டிரெபிளை வலிவு என்றால், இசை தெரிந்தவர் ஒன்றை நினைப்பார், பொறியாளர் இன்னொன்றை நினைப்பார், மூன்றாமவர் சத்தம் வலுவாக இருக்கும் என்று நினைத்து வாங்கிவிடுவார்.

அடி, நடு, நுனி. இவ்வளவு போதும் என்பது என் கட்சி. அடியொலி சுமார் 20 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை, நடுவொலி அங்கிருந்து 4,000 வரை, அதற்கு மேல் நுனியொலி. எல்லைக்கோட்டை ஆளுக்கொரு இடத்தில் போடுகிறார்கள், அதற்காகச் சண்டை வேண்டாம். அடியொலியின் கீழ்ப்பகுதி மட்டும் தனியாகத் தேவைப்பட்டால் ஆழடி என்று சொல்லலாம். காதில் கேட்பதைவிட அதிர்வாகத் தெரிகிற, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழான பகுதி அது.

இப்போது வகைகள் தாமாக விழுகின்றன. அடியும் நுனியும் எழும்பி நடு பின்வாங்கியிருந்தால் நடுக்குழிச் சாயல். ஆங்கிலத்தில் வி எழுத்தைக் காட்டிச் சொல்வது இதைத்தான். நாம் ஏன் அந்த எழுத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்? அடி மட்டும் தூக்கலாக, நுனி அடங்கியிருந்தால் அடிக்கனச் சாயல். நுனி தூக்கலாக இருந்தால் நுனிக்கூர்ச் சாயல். குரல் முன்னால் வந்து நின்றால் நடுமுந்து சாயல். எதுவும் துருத்தாமல் இருந்தால் சமச்சாயல்.

இந்தச் சொற்களைக் கையேட்டில் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு பகுதி இது:

"விலை குறைந்த இயர்போன்களில் நடுக்குழிச் சாயல் அதிகம். முதல் தடவை கேட்கும்போது அடியும் நுனியும் சேர்ந்து பளிச்சென்று இருக்கும். விற்பதற்கு அது வசதி. துள்ளல் பாட்டுக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் குரலுக்காகப் பாட்டுக் கேட்கிறவர் என்றால், பாடகர் இரண்டடி பின்னால் போய் நின்றது போலிருக்கும். அவருக்கு நடுமுந்து சாயலோ சமச்சாயலோ ஏற்றது. அடிக்கனச் சாயல் பிடிக்கும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: தூக்கல் ஆழடியில் இருக்கிறதா, 200 ஹெர்ட்ஸைத் தாண்டி வழிகிறதா? பேசும்போது ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண் 100 ஹெர்ட்ஸை ஒட்டியது. தூக்கல் அதற்கு மேலும் வழிந்தால் ஆண்குரல் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போலாகும். ஆழடியோடு நின்றால் முரசு அதிரும், குரல் தெளிவாகவே இருக்கும். நுனிக்கூர்ச் சாயலைச் சோதிக்க, 'ஸ', 'ஷ' நிறைய வரும் பாட்டு ஒன்றைப் போடுங்கள். அந்த எழுத்துகள் சீறினால் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை எங்கோ தூக்கல் இருக்கிறது. சிறிது நேரத்துக்குத் துல்லியம் போலத் தோன்றும். தொடர்ந்து கேட்டால் காது சோர்ந்துவிடும்."

நாலு பேர் படித்துத் தடுக்காமல் போனால் சரி. 'குழிவுற்ற இடைநிலை அதிர்வெண் துலங்கல்' என்று எழுதினால் யாரும் படிக்கப்போவதில்லை.

> சமச்சாயல் என்றால் நேர்கோடு என்று பொருளாகாதா? அதுதானே சரியான ஒலி?

இது முக்கியமான கேள்வி. எந்த அதிர்வெண் எவ்வளவு உரக்க வருகிறது என்று காட்டும் வரைபடத்தில் நேர்கோடாக இருக்கும் இயர்போன் காதில் சமமாக ஒலிக்காது. காதுத்துளை சுமார் 25 மி.மீ. நீளமுள்ள, ஒரு முனை செவிப்பறையால் அடைபட்ட குழாய். திறந்திருக்கும்போது 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒத்ததிர்வு கொண்டு அந்தப் பகுதியைத் தானே உயர்த்திக் கொடுக்கிறது. பிறந்ததிலிருந்து நாம் கேட்பது அப்படித்தான். இயர்போனைச் செருகியதும் குழாயின் வாய் அடைபட்டு அந்த உயர்வு மாறிவிடுகிறது. அதைச் சாயலில் திருப்பிக் கொடுத்தால்தான் குரல் இயல்பாக இருக்கும். ஆகவே சமச்சாயலின் வரைபடத்தில் 3,000 அருகே ஒரு மேடு இருக்கும். அது குற்றம் இல்லை. 8,000 அருகே தெரியும் கூர்முனையை மட்டும் நம்பிவிடாதீர்கள். அது பல சமயம் அளவைக்கருவிக்குள் இயர்போனைச் செருகிய ஆழத்தால் வருவது.

'சரியான ஒலி' என்பதற்கும் ஒரு வார்த்தை. ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஆய்வாளர் ஷான் ஆலிவும் உடன் பணியாற்றியவர்களும் பலரைக் கேட்கவைத்து, பெரும்பாலோர் விரும்பும் ஒரு சாயலை வரைந்தார்கள். அதிலும் அடி இன்னும் கூடுதலாக வேண்டும் என்றவர்கள் இருந்தார்கள், குறைவாக வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். எவ்வளவு சத்தமாகக் கேட்கிறோம் என்பதும் உண்டு. சத்தம் குறையக் குறைய அடியொலி காதுக்கு வேகமாக மங்குகிறது என்று ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஒலி ஆய்வாளர்கள் 1933இலேயே வரைந்து காட்டிவிட்டார்கள். மெதுவாகக் கேட்கிறவருக்கு அடிக்கனம் பிடிக்கிறது என்றால் ரசனை கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. (நமது குழுவில் ஒருவர் போன மடலில் அப்படித்தான் எழுதியிருந்தார். நண்பர் கோபிக்கக் கூடாது.)

இன்னொன்று. அட்டைப்பெட்டியில் '20–20,000 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருப்பதைச் சாயல் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்த எல்லைக்குள் எது எவ்வளவு உயர்கிறது, தாழ்கிறது என்று அது சொல்லவே இல்லை. டிரைவர் (இயர்போனுக்குள் ஒலியெழுப்பும் குட்டி ஒலிபெருக்கி) எண்ணிக்கையும் அப்படித்தான். குறைந்த விலையில் நாலு டிரைவரைத் திணித்ததைவிட ஒழுங்காக இசைவித்த ஒற்றை டிரைவர் நன்றாக ஒலிக்கலாம். இதற்கெல்லாம் புதுச்சொல் வேண்டாம், டிரைவர் என்றே இருக்கட்டும்.

கடைசியாக, இயர்போனின் ரப்பர் முனை காதில் இடைவெளி இல்லாமல் உட்காருவதற்குக் 'காதடைப்பு' என்று வைக்கலாமா? கையேட்டில் முதலில் வர வேண்டியதே இதுதான். முனை சரியாக உட்காராவிட்டால் முதலில் காணாமல் போவது அடியொலி. அடிக்கனச் சாயல் உள்ளதைக்கூடச் சொத்தை என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சாயல் பிடிக்கவில்லை என்றால் ஈக்குவலைசரில் (அடி, நடு, நுனியைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி) ஓரளவு திருத்தலாம், முனை உட்காரவில்லை என்றால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

அன்புடன்,
கையேட்டுத் தொகுப்பாளர்

———

மறு: மறு: 'சவுண்ட் சிக்னேச்சர்' – தமிழில் என்ன சொல்லலாம்?

தொகுப்பாளர் ஐயா,

ஒலிச்சாயலுக்கு என் ஓட்டு. அடி, நடு, நுனிக்கும் சரி. மண்டிலச் சொற்களை முன்மொழிந்தவன் நான்தான். பியானோக் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் 'நடுமுந்து' வாயில் நுழையவில்லை. 'குரல்முந்து சாயல்' என்றால் என்ன? நடுவொலி முன்னால் வந்தால் முதலில் தெரிவது குரல்தானே.

காதடைப்பு வேண்டவே வேண்டாம். அது பசியிலும் சளியிலும் வருவது. 'இந்த இயர்போனில் காதடைப்பு நன்றாக இருக்கிறது' என்று எழுதினால் படிப்பவர் மருத்துவரைப் பார்க்கச் சொல்வார். 'செவிப்பொருத்தம்' போதும். நல்ல பொருத்தம், தளர்ந்த பொருத்தம் என்று இரண்டு பக்கமும் பேச வரும். பெரிய, நடுத்தர, சிறிய முனைகளை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், இடது காதுக்கு ஒன்றும் வலது காதுக்கு வேறொன்றும் பொருந்தலாம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். நுரை முனை போட்டால் நுனியொலி சற்று அடங்கும் என்பதும் அந்தப் பத்தியிலேயே வரட்டும். நுனிக்கூர்ச் சாயல் வாங்கிவிட்டு விழிப்பவருக்கு உதவும்.

வயர்லெஸ் கோடெக்குகளுக்கு (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளுக்கு) சொல் தேடுவதை இந்த இழையில் தொடங்க வேண்டாம், தனி இழை போடுகிறேன்.