குளோன் பிள்ளையும் கைவிட்ட அப்பனும்: குற்றம் யார் மேல்?

கொருக்குப்பேட்டைக்காரன்:
ராயபுரத்தில் ஒரு மொட்டைமாடியில் பிரிட்டிஷ் நாடகாசிரியர் கேரில் சர்ச்சிலின் ‘எ நம்பர்’ நாடகத்தை வாசித்தோம். லண்டனில் 2002-ல் மேடையேறியது. மனைவி இறந்தபின் குடியில் விழுந்த ஒருவன், நான்கு வயது மகனைக் கைகழுவிவிட்டு அவனுடைய குளோனை, அதாவது அதே மரபணுவில் உருவாக்கிய நகலை, வாங்கி நன்றாக வளர்க்கிறான். அவனுக்குத் தெரியாமல் மருத்துவர்கள் இன்னும் பல நகல்களை உண்டாக்கிவிடுகிறார்கள். இதில் குளோனிங் மேல் என்ன குற்றம்? ராத்திரியில் பிள்ளை கத்தக் கத்த எட்டிப் பார்க்காத அப்பன்தான் குற்றவாளி.

பெரம்பூர் லோகோ:
அங்கேதான் இடிக்கிறது தம்பி. அதே முகத்தோடு புதுசாக ஒன்று கிடைக்கும் என்ற வசதிதான் அவனுக்குத் துணிச்சல் கொடுத்தது. கைவிடப்பட்ட மூத்தவன் வந்து நகலைக் கொல்வது வெறும் பொறாமையா? தன் இடத்தில் தன்னையே உட்கார வைத்துவிட்டார்கள் என்ற ஆத்திரம்.

கொருக்குப்பேட்டைக்காரன்:
அப்போ கடைசிக் காட்சி? மைக்கேல் பிளாக்கும் நகல்தான். கணக்கு வாத்தியார், மூன்று பிள்ளைகள். பெண்டாட்டியின் காது பிடிக்கும் என்கிறான். சந்தோஷமாகத்தானே இருக்கிறான்! ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டைப் பிள்ளைகளுக்கும் ஒரே மரபணுதான்.

பெரம்பூர் லோகோ:
இரட்டையரை யாரும் ஆர்டர் கொடுத்து வாங்கவில்லையே.

எர்ணாவூர் அக்கா:
இரண்டு பேரும் அப்பன் பிள்ளையோடு நின்றுவிட்டீர்கள். மேடையில் மொத்தமே இரண்டு நடிகர்கள், இருவரும் ஆண்கள். அத்தனை நகல்களையும் வயிற்றில் சுமந்தது யார்? குளோனிங்கில் பிறந்த டாலி ஆட்டுக்காக 277 கருமுட்டைகளில் செல்லை இணைத்துப் பார்த்தார்கள்; பிழைத்தது ஒரே குட்டி. மனிதருக்கு அந்தக் கணக்கைப் போட்டால் கருமுட்டைக்கு எந்தத் தெருவுக்கு ஏஜென்ட் வருவான்? சுனாமிக்கு அப்புறம் எங்கள் பக்கத்துக் குடியிருப்பில் பெண்கள் கடனுக்காகக் கிட்னி விற்றது 2007-ல் பத்திரிகையில் வந்தது. உறுப்பு விற்பனைக்குத் தடைச் சட்டம் 1994-லேயே வந்தாச்சு. எதிர்வீட்டுப் பெண் குடம் தூக்கும்போது இன்னும் விலாவைப் பிடித்துக்கொள்கிறாள்.

கொருக்குப்பேட்டைக்காரன்:
அது வறுமைக் கொடுமை அக்கா. மனிதக் குளோனிங்குக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதலிலேயே தடை இருக்கிறது.

எர்ணாவூர் அக்கா:
சட்டமே காப்பாற்றவில்லை, வழிகாட்டுதல் காப்பாற்றுமா? வாடகைத் தாய் வியாபாரத்தைச் சட்டம் போட்டு நிறுத்த 2021 வரை ஆனது.

பெரம்பூர் லோகோ:
அக்கா சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் தம்பி, அப்பனை மட்டும் கூண்டில் ஏற்றுகிறாயே, அந்த மருத்துவர்களை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்?