கிதார் வாரைக் கழலாமல் காக்கும் பூட்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

முத்தியால்பேட்டை, கிதார் ஆசிரியை:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாலை வகுப்பில் கிதார் பயிலும் பிள்ளைகளுக்காக 32 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்தில் கொடுத்தால்தான், ஜூன் 21 இசைத் திருநாளன்று அது அவர்கள் கையில் இருக்கும். அன்று நின்றுகொண்டு வாசிக்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லவேண்டிய செய்திக்கே எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

கிதாரைத் தோளில் தொங்கவிடும் பட்டையின் இரு முனைகளிலும் ஒரு துளையும் அதையொட்டி ஒரு கீறலும் இருக்கும். கிதாரின் அடியிலும் கழுத்துப் பக்கத்திலும் திருகி வைத்திருக்கும் சிறு குமிழ்களில் அந்தத் துளைகளை மாட்டுகிறோம். புதுத் தோல் இறுகப் பிடிக்கும். நாள்பட்டால் கீறல் வாய் பிளந்து, வாசிப்பவர் சற்றுத் திரும்பினாலே கழன்றுவிடும். சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தியின் கிதார் இப்படித்தான் சிமெண்டுத் தரையில் விழுந்து, தலைப்பகுதி முறிந்தது. ஆறு எஃகு நரம்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டிருப்பதால், தலையில் ஒரு விரிசல் கண்டால் போதும், மிச்சத்தை நரம்புகளே பிளந்துவிடும்.

இதைத் தடுக்க இரண்டு பாகங்கள் கொண்ட ஒரு பொருத்தி கிடைக்கிறது. ஒரு பாகத்தை மரத்தில் திருகவேண்டும். மற்றதைப் பட்டையில் பொருத்தவேண்டும். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று விழுந்து பிடித்துக்கொள்ளும். பட்டை, குமிழ், பொருத்தி ஆகிய மூன்றுக்கும் சொல் வேண்டும். 'தோள்பட்டை' என்றுதான் முதலில் எழுதினேன். "தோள்பட்டை கழன்றுவிடாமல் பார்த்துக்கொள்" என்ற வரியை மெய்ப்புப் பார்த்தவர் மருத்துவக் குறிப்பு என்று எண்ணிவிட்டார்.

மஞ்சக்குப்பம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்புள்ள அம்மா, பட்டைக்கு நாம் புதிதாக எதையும் தேடவேண்டியதில்லை, 'வார்' இருக்கிறது. மிருதங்கம் செய்கிறவர்கள் இன்றும் வார் பிடிப்பதாகத்தான் சொல்கிறார்கள். புறநானூற்றின் 50-ஆம் பாட்டு முரசைப் பற்றிப் பேசும்போது 'மாசற விசித்த வார்புறு வள்பின்' என்று தொடங்குகிறது. அங்கே 'வள்பு' என்பது தோல்வார். 'வார்பு' என்பது அத்தோல் நெடுகப் போவதைச் சுட்டுகிறது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 'வார்தல், போகல், ஒழுகல்' ஆகிய மூன்றும் நேராக இருப்பதையும் நெடுமையையும் குறிக்கும் என்று தொல்காப்பியர் உரியியலில் சொல்லிவிட்டார். நீரை வார்ப்பதும், தலைமுடியை வாருவதும், வார்குழல் என்பதும், தோலை நீளமாக வார்ந்தெடுப்பதும் எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. தோளில் கிடப்பது தோள்வார். பொருத்திக்கு 'வார்ச்செறி' என்று வைக்கலாம். செறிதல் என்றால் இறுகுதல். இரண்டு சொல்லும் சங்கச் சொல்.

லாசுப்பேட்டை, மென்பொருள் தமிழாக்குநர்:

ஐயாவின் விளக்கத்தை மகிழ்ந்து படித்தேன். ஆயினும் பதினொரு வயதுப் பிள்ளை கடைக்குப் போய் 'வார்ச்செறி கொடுங்கள்' என்று கேட்டால் என்ன கிடைக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். கடைக்காரருக்கு 'ஸ்ட்ராப் லாக்' தெரியும். பெட்டியின் மேலும் அதுவே அச்சாகியிருக்கும். பொத்தான், சாவி, அலமாரி ஆகிய மூன்றும் போர்த்துகீசியரிடமிருந்து வந்தவை; அவற்றால் தமிழ் மெலிந்துவிடவில்லை. 'ஸ்ட்ராப் லாக்' என்று தமிழ் எழுத்தில் எழுதிவிட்டு வேலையைத் தொடரலாம் என்பது என் கருத்து.

மஞ்சக்குப்பம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, அந்த மூன்று சொற்களும் பொருளோடு வீட்டுக்குள் வந்து, மக்கள் நாவில் உருண்டு, நம் ஒலிக்கு இணங்கியவை. மெய்யெழுத்தில் தொடங்கும் 'ஸ்ட்ராப்' இன்னும் வாசலில்தான் நிற்கிறது. பிள்ளைக்குக் கடையில் கேட்கத் தெரிந்தால் மட்டும் போதாது. அந்தப் பொருள் என்ன செய்கிறது என்பதைப் பெயரே அவனுக்குச் சொல்லவேண்டும்.

பண்ருட்டி, நகைத்தொழில் குடும்பத்தைச் சேர்ந்த உறுப்பினர்:

இரு பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று விழுவதாக அம்மா எழுதியதும் எனக்கு எங்கள் பட்டறை கண்முன் வந்தது. காதுத் தோடு கழன்று விழாமல் இருப்பது எதனால்? பின்னால் போடும் திருகாணியால். மரையுள்ள குழலுக்கு எங்கள் தொழிலில் 'சுரை' என்று பெயர். தோடு அணியும் வீட்டுப் பிள்ளை எதற்கும் திருகாணியை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. மரத்தில் போவதைத் திருகாணி என்றும், வாரில் இருப்பதைச் சுரை என்றும் சொன்னால் என்ன?

முத்தியால்பேட்டை, கிதார் ஆசிரியை:

'தோள்வார்' எனக்கு முழுமையாகப் பிடித்துவிட்டது, கையேட்டில் ஏற்றிவிட்டேன். 'சுரை' அழகான சொல். ஆனால் இந்தப் பொருத்தியின் இரு பாகங்களும் ஒன்றோடொன்று திருகிச் சேர்பவை அல்ல என்பதால் ஒரு விளக்கம் தரவேண்டியிருக்கிறது. ஜெர்மனியின் ஷாலர் நிறுவனம் செய்யும் வகையில், வாரிலுள்ள குதிரைலாட வடிவக் கிண்ணம் குமிழின்மேல் நழுவி அமரும். வில்சுருள் முளை ஒன்று அதைப் பிடித்துக்கொள்ளும். முளையை இழுத்தால்தான் விடும். டன்லப் நிறுவனத்தின் வகையில் நடுவிலுள்ள பொத்தானை அமுக்கினால் சிறு குண்டுகள் உள்ளே ஒதுங்கி வழிவிடும். கைப்பணம் குறைவாக உள்ளவர்கள் ஒரு ரப்பர் வளையத்தைக் குமிழின்மேல் அழுத்தி மாட்டிவிடுகிறார்கள். குரோல்ஷ் என்ற டச்சு பீர்ப் புட்டியின் மூடி வளையம் இதற்காகவே கிதார் வாசிப்பவர்களிடையே பெயர் பெற்றது. என் பிள்ளைகளுக்கு நான் குழாய் வாஷரைத் தருகிறேன்.

திருகாணி என்னும் பெயரை மரத்துக்குள் இறங்கும் திருகுக்கு மட்டும் வைத்துக்கொள்ள விரும்புகிறேன், ஏனெனில் அதைப் பற்றித் தனியாகவே எச்சரிக்கவேண்டும். அது தளர்ந்து துளை பெருத்துவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த பூட்டும் பயன்படாது. பல்குத்தும் குச்சிகளை மரப்பசையில் தோய்த்துத் துளையில் அடைத்து, காய்ந்தபின் மறுபடி திருகவேண்டும்.

புதுச்சேரி, ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை:

பிரெஞ்சில் குமிழையே 'அத்தாஷ்-கூர்வா' என்பார்கள். வாரைப் பிணைப்பது என்று பொருள். அவர்கள் வடிவத்தை விட்டுவிட்டுச் செயலைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். ஆசிரியை தம் மடலில் தம்மை அறியாமலேயே 'பூட்டு' என்று எழுதிவிட்டதையும் கவனித்தேன்.

லாசுப்பேட்டை, மென்பொருள் தமிழாக்குநர்:

பூட்டு என்றவுடன் சாவி நினைவுக்கு வருமே என்பதுதான் என் தயக்கம். கிதாரைத் திருடாமல் காக்கும் கருவி என்று பிள்ளைகள் எண்ணக்கூடும்.

மஞ்சக்குப்பம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். மாட்டின் கழுத்தை நுகத்தோடு பிணைப்பது பூட்டாங்கயிறு. இவற்றில் எதற்குச் சாவி இருக்கிறது? பூட்டுதல் என்றால் பிணைத்தல். கதவுப் பூட்டு பின்னால் வந்தது. ஆகவே அச்சொல்லில் எனக்குத் தடையில்லை. 'வார்ப்பூட்டு' என்று எழுதுவதானால் ஒற்றைத் தவறவிடாதீர்கள். வாரைப் பூட்டுவது என்னும் வேற்றுமைப் பொருளில் ரகரத்தின் முன் வல்லினம் மிகும். ஒற்றில்லாமல் 'வார்பூட்டு' என்று எழுதினால் வார்குழல் போல வினைத்தொகையாகி, நீண்டு ஒழுகும் பூட்டு என்றாகிவிடும்.

ஆனால் நேற்றிரவு உறக்கம் வராமல் படுத்திருந்தபோது இதைவிடச் சிறந்த சொல் ஒன்று நினைவுக்கு வந்தது: கடையாணி. மாட்டுவண்டியின் அச்சு முனையில் செருகியிருக்கும் சிறு ஆணி அது. சக்கரம் அச்சைவிட்டுக் கழன்று ஓடாமல் காப்பது அதுவே. 'உருள்பெருந்தேர்க்கு அச்சாணி' என்று வள்ளுவர் சொன்னபோது எண்ணியதும் இதைத்தான். துளையுள்ள ஒன்று தண்டில் மாட்டியிருக்கிறது, அது கழலாமல் முனையில் ஒன்று காக்கிறது என்னும் அமைப்பு வண்டியிலும் கிதாரிலும் ஒன்றுதானே? யாழின் உறுப்புகளைச் சிலப்பதிகாரத்தின் கானல்வரி பத்தர், கோடு, ஆணி, நரம்பு என்று எண்ணுகிறது. விபுலாநந்த அடிகள் 1947-இல் யாழ்நூலை வெளியிட்டு அந்தப் பெயர்களையெல்லாம் நமக்கு மீட்டுத் தந்தார். நரம்புக் கருவிக்கு ஆணி அயல் உறுப்பு இல்லை.

முத்தியால்பேட்டை, கிதார் ஆசிரியை:

ஐயா, கடையாணி என்னைக் கலங்கடித்துவிட்டது. அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது. இருந்தும் எனக்கு இரண்டு அச்சங்கள் உண்டு. ஒன்று, கழுத்துப் பக்கத்துக் குமிழ் கிதாரின் கடைக்கோடியில் இல்லை. மற்றொன்று, ஆணி என்று படித்த சிறுவன் சுத்தியலை எடுத்துவிடுவான். கிதாரின் மரம் அதைத் தாங்காது. இன்று வகுப்பில் ஒன்பது பிள்ளைகளிடம் கடையாணி என்றால் என்ன என்று கேட்டேன். அரியாங்குப்பத்துப் பையன் ஒருவன் மட்டும், தன் தாத்தா வண்டி வைத்திருந்ததால், கையை உயர்த்தினான்.

மஞ்சக்குப்பம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வாய்க்கு இருபுறமும் கடைவாய் உண்டு; தோள்வாருக்கும் இரு கடை உண்டு. கடை என்பதை வாரின் கடையாகக் கொள்ளுங்கள். கடையாணியை யாரும் அடிப்பதில்லை, செருகுவார்கள். ஒன்பதில் ஒருவனுக்குத் தெரிந்திருக்கிறதே, அவன் மற்ற எட்டுப் பேருக்கும் சொல்லிக்கொடுப்பான்.

குழு ஒருங்கிணைப்பாளர்:

இன்று வியாழன். இதுவரை கருத்துச் சொன்ன ஐவரில் மூவர் 'வார்ப்பூட்டு' என்கிறார்கள். அவர்களுள் பண்ருட்டி உறுப்பினர், சுரையை இன்னொரு கருவிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தனிமடலில் இசைந்துவிட்டார். ஒருவர் 'ஸ்ட்ராப் லாக்', ஒருவர் 'கடையாணி'. 'கிதார்' என்ற சொல்லையே மாற்றவேண்டும் என்று நேற்று வந்த நீண்ட மடலை இவ்விழையில் சேர்க்கவில்லை; அதற்குத் தனி இழை தொடங்கலாம். அச்சகம் காத்திருப்பதால், தோள்வார், குமிழ், வார்ப்பூட்டு ஆகிய மூன்றையும் கையேட்டுக்குப் பரிந்துரைக்கிறேன்.

லாசுப்பேட்டை, மென்பொருள் தமிழாக்குநர்:

ஏற்கிறேன். முதன்முறை வரும் இடத்தில் மட்டும், கடையில் 'ஸ்ட்ராப் லாக்' என்று கேட்கவேண்டும் என ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

மஞ்சக்குப்பம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நான் ஏற்கவில்லை. மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வார்ப்பூட்டு பிழையற்ற சொல், பிள்ளைகளுக்குப் புரியும். ஆனால் அதைப் பார்க்கிறவன் 'வார்ப்பு' என்று பிரித்துப் படித்து, வார்ப்பிரும்பாலான ஏதோ ஒன்று என்று எண்ணுவதற்கும் இடம் இருக்கிறது. கடையாணியில் அந்தக் குழப்பம் எழாது. மேலும், வண்டிகள் தெருவிலிருந்து மறைந்துவிட்ட பிறகு அந்தச் சொல் உயிரோடு இருக்க ஓர் இடம் வேண்டும். பிள்ளைகள் நாள்தோறும் தொடும் கருவி அதற்கு ஏற்ற இடம் என்று நம்பினேன்.

முத்தியால்பேட்டை, கிதார் ஆசிரியை:

இன்று காலை அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். 14-ஆம் பக்கம் இப்படி வருகிறது: "எழுந்து நிற்பதற்கு முன் இரண்டு வார்ப்பூட்டுகளையும் ஒருமுறை இழுத்துப் பார். கேபிளைத் தோள்வாருக்கும் கிதாருக்கும் நடுவே நுழைத்துச் செருகு. யாராவது அதை மிதித்தால் இழுப்பை வார் தாங்கிக்கொள்ளும்." அதன் கீழே இருந்த இடத்தில் ஐயாவின் சொல்லுக்காக மாட்டுவண்டி அச்சின் சிறு படம் ஒன்றை வரைந்து, ஆணியின் பக்கத்தில் பெயர் எழுதியிருக்கிறேன். அரியாங்குப்பத்துப் பையனின் தாத்தாவிடம் படத்தைக் காட்டினேன். ஆணியைச் சற்று வெளியே தள்ளி வரையச் சொன்னார், திருத்திவிட்டேன்.