மறு: மறு: ‘டேவர்ன் கீப்பர்’ தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

தொண்டி டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்கா பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த காலம் பற்றி எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கையேடு மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘டேவர்ன் கீப்பர்’ என்ற இடத்தில் முட்டி நிற்கிறேன். இவர் மது மட்டும் விற்பவர் இல்லை. சாப்பாடு போட்டுப் படுக்க இடமும் கொடுப்பார், குதிரைக்குத் தீனி வைப்பார். பல ஊர்களில் தபால் அவரிடம்தான் வரும், வழக்கு விசாரணையும் அங்கேயே நடக்கும். உரிமம் வாங்கி நடத்திய விதவைகளும் உண்டு. பாஸ்டனில் ‘கிரீன் டிராகன்’ டேவர்னில்தான் பிரிட்டிஷாருக்கு எதிராகக் கூடிப் பேசினார்கள். ‘சாராயக்கடைக்காரர்’ என்று போட்டால் வகுப்பு சிரித்தே முடிந்துவிடும்.

உப்பூரான்:
இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? சத்திரக்காரர். ராமேஸ்வரம் போகும் வழியெல்லாம் சேதுபதிகள் கட்டியது சத்திரம்தானே. தமிழ் பைபிளில் நல்ல சமாரியனும் அடிபட்டவனைச் சத்திரத்துக்குத்தான் கொண்டுபோகிறான்.

தேவிபட்டினத்தான்:
சேதுபதி சத்திரம் தர்மம் ஐயா. இவர் கல்லாவில் உட்கார்ந்து காசு எண்ணுகிற ஆள். சிலம்பில் மருவூர்ப்பாக்கத்தைப் பாருங்கள்: ‘கண்ணொடையாட்டியர்’, அடுத்ததாகவே ‘மீன்விலைப் பரதவர்’. கள் + நொடை. நொடை என்றால் விற்பனை. பட்டினப்பாலையில் ‘நறவுநொடைக் கொடி’ பறக்கிறது; நறவு என்றால் மது. ஆண்களுக்கு நறவுநொடையர், டீச்சர் சொன்ன விதவைகளுக்குக் கண்ணொடையாட்டியர். பிரச்சினை தீர்ந்தது.

மண்டபத்துக்காரி:
எங்கே தீர்ந்தது? கண்ணொடை என்றால் பிள்ளைகள் மூக்குக்கண்ணாடிக் கடை என்பார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் கள்ளுக்கடையைக் ‘கள்ளுத் தவறணை’ என்பது அன்றாடப் பேச்சு. இங்கே அகதிகள் முகாமில் இருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். போர்த்துக்கேயரின் ‘தவெர்னா’தான் அது. டேவர்னுக்கு உடன்பிறப்பே வாசலில் நிற்கும்போது சங்கத்துக்கு ஏன் ஓட வேண்டும்?

உப்பூரான்:
போர்த்துக்கேயமா! தவறணை பச்சைத் தமிழ் அம்மா. தவறு + அணை. தவறியவர் வந்து அணையும் இடம். அவர்கள்தான் நம்மிடம் வாங்கிப்போனார்கள்.

தேவிபட்டினத்தான்:
அவர்கள் கப்பல் ஏறுவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே லத்தீனில் ‘தபெர்னா’ இருக்கிறது. கடை என்று பொருள். அதுவும் போகட்டும், கிணறு + அடி கிணற்றடி ஆனால் தவறு + அணை தவற்றணை ஆக வேண்டாமா? நன்னூலை எந்தப் பரணில் போட்டீர்கள்?

மண்டபத்துக்காரி:
நன்னூல் இருக்கட்டும். 1987 முதல் இங்கே கள்ளுக்குத் தடை. இந்தப் பிள்ளைகள் கண்டது டாஸ்மாக் கம்பிவலைதான். கைமட்டும் உள்ளே போகிற இடத்தில் தபாலும் நீதிமன்றமும் நடந்தது என்று எப்படி நம்புவார்கள்? கொஞ்சமாவது உட்கார்ந்து பேசுகிற இடம் போல ஒலிக்கும் சொல் வேண்டும். மது விடுதிக்காரர் என்றாவது போடுங்கள்.

தேவிபட்டினத்தான்:
சரி, விடுதிக்காரருக்கு என் ஓட்டு. அரை மனதாக.

தொண்டி டீச்சர்:
முதலில் வரும் இடத்தில் ‘மதுவும் விற்ற விடுதிக்காரர்’, அப்புறம் வெறும் ‘விடுதிக்காரர்’. தவறணை அடிக்குறிப்பில் போயிருக்கிறது. கோப்பை அனுப்பிவிட்டேன், நன்றி.

உப்பூரான்:
விடுதிக்காரர் என்றால் ஹாஸ்டல் வார்டன். என் எதிர்ப்பைப் பதிவு செய்யவும். தவற்றணையில் ஒற்று விழுந்தது ஏன் என்று நாளை விரிவாக எழுதுகிறேன்.