ஈவ் ஒன்லைனில் நீங்கள் ஐஸ்க் உழைத்தது எப்படி? வன்னியிலிருந்து சில அனுபவங்கள்

கிளிநொச்சியிலிருந்து:

போன கிழமை பரந்தன் சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது, என் ரீசேர்ட்டில் இருந்த கப்பல் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு தம்பி வந்து கதைத்தான். அவனும் ஈவ் ஒன்லைன் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டு விளையாடுகிறானாம். அதில் மூன்று மாதமாக விண்கல் உடைக்கிறான். "அண்ணை, உடைச்சு உடைச்சே அலுத்துப்போச்சு. வேறை என்ன வழியில ஐஸ்க் உழைக்கலாம்?" என்று கேட்டான். நின்ற நிலையில் சொல்லி முடிகிற விஷயமா அது? ஆறுதலாக எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னுடையதை முதலில் எழுதுகிறேன். மற்றவர்களும் உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

ஈவ் 2003 மே மாதம் தொடங்கிய விளையாட்டு. செய்தவர்கள் ஐஸ்லாந்துக்காரர். அதன் காசுக்கு ஐஸ்க் என்று பெயர். ஐஸ்லாந்துக் குரோனாவின் சுருக்கக் குறியும் அதேதான். நாம் ஓட்டுகிற கப்பலில் பெரும்பாலானவை இன்னொரு விளையாட்டுக்காரர் கல் உடைத்து, உருக்கி, கட்டி விற்றவை. சுட்டு வீழ்த்தப்பட்டால் கப்பல் போனது போனதுதான், திரும்பி வராது. அதனால்தான் அங்கே ஐஸ்குக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது.

எனக்கு அது கட்டாயத் தேவையானது 2022இல். இலவசமாக ஆடுகிற அல்பா கணக்கை விட்டு, காசு கட்டுகிற ஒமேகாவுக்கு மாறியிருந்தேன். அந்த மே மாதம் மாதக் கட்டணம் 15 டொலரிலிருந்து 20 டொலராக ஏறியது. அதே இரண்டு மூன்று மாதத்துக்குள் 200 ரூபாயாக இருந்த டொலர் 360 வரை போயிருந்தது. வீட்டில் காஸ் இல்லாமல் விறகு வைத்துச் சமைக்கிற நேரம், விளையாட்டுக்கு டொலர் கட்டுகிறேன் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? மிச்சமிருந்தது ஒரே வழி. விளையாட்டுச் சந்தையில் பிளெக்ஸ் விற்பார்கள். 500 பிளெக்ஸ் சேர்த்தால் 30 நாள் ஒமேகா. அதை ஐஸ்க் கொடுத்தே வாங்கலாம். அன்றிலிருந்து இன்றுவரை நான் ஒரு ரூபாயும் கட்டவில்லை.

என் வழி ஸ்கேன் பண்ணுவது, அதாவது விண்வெளியில் மறைந்திருக்கிற இடங்களைத் தேடிப் பிடித்து, அங்குள்ள பெட்டிகளைத் திறந்து சாமான் எடுத்து விற்பது. ஹெரன் என்ற சின்னக் கப்பல், புரோப் என்ற தேடுகருவியை ஏவுகிற ஒரு லோஞ்சர், எட்டு புரோப், பழம்பொருள் பெட்டிகளைத் திறக்கிற ரெலிக் அனலைசர். எல்லாம் சேர்த்துச் சில மில்லியன் ஐஸ்குக்குள் அடங்கும். அல்பா கணக்கிலேயே செய்யலாம். வரைபடத்தில் எட்டு புரோபையும் ஒரு சிக்னலைச் சுற்றி நிறுத்தி, வட்டத்தைப் பாதி பாதியாகச் சுருக்கிக்கொண்டு போக வேண்டும். சிவப்பாக இருந்தது மஞ்சளாகி, பச்சையாகும். நூறு வீதம் வந்தால்தான் அந்த இடத்துக்குத் தாவலாம். சரியாக நடுவில் வைத்துவிட்டால் மூன்று நான்கு ஸ்கேனில் முடிந்துவிடும். அந்தப் பச்சை நிறம் வருகிற நேரம் இருக்கிறதே, நான்கு வருடமாகியும் எனக்கு அந்தச் சந்தோசம் குறையவில்லை.

நம்மூர் லைனுக்கும் இது ஒத்துவரும். சேர்வர் லண்டனில் இருக்கிறது, ஆனால் அது கணக்குப் பார்ப்பது ஒரு நொடிக்கு ஒருமுறைதான். மற்றச் சுடுகிற விளையாட்டுகளைப் போல இமைப்பொழுதுக்கு அடிபடத் தேவையில்லை. லைன் கொஞ்சம் இழுத்தாலும் சமாளிக்கலாம்.

கரண்ட் போனால்தான் பிரச்சினை. 2022 மார்ச் கடைசி ஞாபகமிருக்கும், நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். அப்போது நான் ஒரு வேர்ம்ஹோலுக்குள், அதாவது தோன்றி மறைகிற துளை வழியாக மட்டும் போகக்கூடிய ஒரு நட்சத்திர மண்டலத்துக்குள் இருந்தேன். உள்ளே போனால் அந்த மண்டலத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்ற பெயர்ப்பட்டியல் கிடையாது. டி-ஸ்கேன் என்ற தேடல் பொத்தானை நாமே திரும்பத் திரும்ப அழுத்தி, சுற்றிவர 14 வானியல் அலகுக்குள் என்ன கப்பல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்று இடம் திறந்து முடித்து, நான்காவதில் கடைசிப் பெட்டி. சுமார் 140 மில்லியன் பெறுமதியான சாமான் ஏற்றியாகிவிட்டது. பெட்டி திறக்கிற புதிரில் நடுமையத்தைக் கண்டுபிடித்து இரண்டாவது அடி அடிக்கிறேன், வீடே இருண்டது. என் லப்டொப்பின் பற்றரி அந்த நேரம் செத்துப்போய்க் கிடந்தது.

ஏழு மணி நேரம் இருட்டுக்குள் படுத்திருந்து யோசித்தது இன்னும் நினைவிருக்கிறது. லைன் அறுந்தால் கப்பல் தானாக ஒரு வெற்றிடத்துக்குத் தாவி, கொஞ்ச நேரத்தில் வெளியிலிருந்து மறைந்துவிடும். எதிரி பிடித்து வைத்திருந்தால் மட்டும் அது நடக்காது. யாரும் பிடிக்கவில்லை என்று நம்பிக்கொண்டேன்.

கரண்ட் வந்து உள்ளே போனால் கப்பல் பத்திரமாக நின்றது. ஆனால் நான் வந்த துளை மூடிவிட்டது. நுழையும்போதே அதன் ஆயுள் முடியப்போகிறது என்று எழுதியிருந்தது. அவசரத்தில் வாசிக்காமல் நுழைந்திருக்கிறேன். தம்பி, இதை மட்டும் நன்றாக மனதில் வை: துளைக்குள் போகமுன் அதன் விபரத்தைத் திறந்து பார். ஆயுள் முடிகிறது என்று இருந்தால் போகாதே. புரோப் இல்லாமல் ஒருநாளும் போகாதே. ஒவ்வொரு வேர்ம்ஹோல் மண்டலத்திலும் நிரந்தரமாக ஒரு துளையாவது இருக்கும், ஒன்று மூடினால் இன்னொன்று பிறக்கும். ஸ்கேன் பண்ணத் தெரிந்தவன் வெளியே வந்துவிடலாம்.

நான் ஸ்கேன் பண்ணினேன். ஒரு துளை இன்னொரு வேர்ம்ஹோலுக்குள்ளேயே கொண்டுபோய் விட்டது. அங்கே டி-ஸ்கேனில் எனதில்லாத புரோப்புகள் தெரிந்தன, அதுவும் கப்பல் தேடுகிற வகை. கை நடுங்கியது. ஒரு இடத்தில் நிற்காமல் மாறி மாறித் தாவிக்கொண்டே இரண்டாவது துளையைக் கண்டுபிடித்தேன். வெளியே வந்தால் பாதுகாப்புக் குறைந்த பகுதி, விளையாட்டின் பெரிய சந்தை இருக்கிற ஜீட்டா மண்டலத்துக்குப் பத்தொன்பது தாவல். ஒவ்வொரு கேட்டிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து, அங்குள்ள ஜீட்டா நாலு-நாலு ஸ்டேசனில் கப்பலைக் கட்டியபோது இரவு இரண்டு மணி. முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்துவிட்டு மிச்ச வழியைப் போவோமே, அந்த நிம்மதி.

இன்னொன்று. வேர்ம்ஹோலுக்குள் "ஃபர்கொட்டன்", "அன்செக்யூர்ட்" என்று பெயர் தொடங்குகிற இடங்களை ஹெரனில் தொடாதே. அங்கே ஸ்லீப்பர்கள் என்ற, கணினியே இயக்குகிற எதிரிகள் காவல் நிற்பார்கள், கண்மூடித் திறக்கமுன் கப்பல் போய்விடும். கடற்கொள்ளையர் பெயர் வைத்த ரெலிக் இடங்கள்தான் நமக்கு.


முல்லைத்தீவிலிருந்து:

கல் உடைப்பதை அண்ணை அலுப்பு என்று விட்டுவிட்டார். எனக்கு அதுதான் பிடிக்கும். எங்கள் வீட்டில் எல்லோரும் கடற்தொழில். கரைவலை வளைத்துவிட்டு இழுக்கிற வரைக்கும் காத்திருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். வென்ச்சர் கப்பலில் 5,000 கன மீற்றர் கல் அடங்கும். லேசரைப் பிடித்துவிட்டுப் பக்கத்தில் கணக்குப் பாடம் செய்வேன். வெல்ட்ஸ்பார் என்கிற சாதாரணக் கல்தான், ஆனால் அதிலிருந்து வருகிற டிரிட்டானியம் இல்லாமல் கப்பல் கட்டமுடியாது. அதனால் எப்போதும் வாங்க ஆள் இருக்கும்.

ஒருமுறை பெரிய கப்பலுக்கு மாறி, பாதுகாப்பு அளவு 0.5 (உச்சம் 1.0) உள்ள இடத்தில் உடைத்துக்கொண்டிருந்தேன். கற்றலிஸ்ட் என்ற தாக்குதல் கப்பல்கள் மூன்று வந்து இறங்கின. அவர்களுக்கும் தெரியும், சுட்டால் விளையாட்டின் பொலிசான கொன்கோர்ட் வந்து தங்கள் கப்பலை அழிக்கும் என்று. ஆனால் 0.5இல் கொன்கோர்ட் வந்து சேரக் கூடுதல் நேரம் எடுக்கும். அதற்குள் என் கப்பல் முடிந்தது. இரண்டு கிழமை உழைப்பு. அன்று அழுதுவிட்டேன். இப்போது 0.8க்கு மேலேதான் தொழில். கல் கொஞ்சம் குறைவு, பரவாயில்லை. கப்பலிலும் கல் அள்ளுகிற சாமான் ஒன்றைக் குறைத்துக் கவசம் ஒன்று கூடுதலாகப் போட்டிருக்கிறேன். அடிக்கச் செலவு கூடினால் அவர்கள் வேறு ஆளைப் பார்த்துப் போய்விடுவார்கள்.


வவுனியாவிலிருந்து:

நான் வியாபாரம். இதை எனக்குச் சொல்லித் தந்தது என் அப்பா. அவருக்கு இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பா சைக்கிளில் சாமான் ஏற்றினவர். மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி என்று எதைக் கொண்டுபோனாலும் உள்ளே விலை பல மடங்கு. நான் ஜீட்டாவிலேயே இருந்து மலிவாக வாங்கி அங்கேயே கூட்டி விற்றுக்கொண்டு, ஒரு நாளைக்கு இருபது தடவை விலை மாற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தரகுக் கூலி வெட்டும், லாபம் அதிலேயே கரைந்துவிடும். ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு அப்பா கேட்டார்: "எல்லாரும் விக்கிற இடத்தில நீயும் ஏன் விக்கிறாய்? இல்லாத இடத்துக்கெல்லோ கொண்டுபோக வேணும்."

அடுத்த நாளே மாற்றினேன். மிசன், அதாவது விளையாட்டே தருகிற சண்டை வேலைகள், செய்கிற ஆட்கள் கூடுகிற தூரத்து ஸ்டேசன்களைத் தேடினேன். அங்கே தோட்டா முடிந்துவிட்டால் அவர்கள் ஜீட்டா வரைக்கும் ஓட மாட்டார்கள், ஒன்றரை மடங்கு விலை என்றாலும் அங்கேயே வாங்குவார்கள். தோட்டா, டிரோன், கவசம் திருத்துகிற சாமான், இவ்வளவுதான் ஏற்றினேன். ஒரு விற்பனை ஓடர் 90 நாள் வரை நிற்கும். கரண்ட் போனாலும், லைன் போனாலும், நான் வயல் வெட்டுக்குப் போனாலும் அது தன் பாட்டில் விற்றுக்கொண்டிருக்கும். நம்மைப் போல விட்டு விட்டு லைன் வருகிற ஆட்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் முடிவு. அண்ணையின் வேர்ம்ஹோல் கதையை வாசித்தபோது அந்த முடிவு இன்னும் உறுதியாகிவிட்டது.

2020இல் நியார்ஜா என்ற மண்டலம் டிரிக்லேவியன்கள் என்ற எதிரிப் படையிடம் விழுந்தது. ஜீட்டாவுக்கும் இன்னொரு பெரிய சந்தையான அமாருக்கும் இடையிலான பாதுகாப்பான பாதை அதற்குள்ளால்தான் போனது. ஒன்பது தாவலில் போன இடத்துக்குப் பாதுகாப்பாகப் போவதென்றால் நாற்பதுக்கு மேல் தாவ வேண்டியதாயிற்று. இதை அப்பாவிடம் சொன்னேன். "ஏ ஒன்பது பூட்டினமாதிரி" என்றார். பிறகு கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. அவர் மனதில் ஓடியது எனக்கு விளங்கியது.

ஒரு எச்சரிக்கை. சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிற ஒப்பந்தம் எடுக்கும்போது பிணைத்தொகை கட்ட வேண்டும். போய்ச் சேரவேண்டிய இடம் தனியார் கட்டடம் என்றால் எடுக்காதீர்கள். உங்கள் கப்பலை உள்ளே கட்டவிடாமல் பூட்டிவிட்டு, பிணையை விழுங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு 300 மில்லியன் போனது. ஜீட்டா அரட்டையில் "ஐஸ்க் அனுப்பு, இரட்டிப்பாகத் தருகிறேன்" என்பவர்களும் அதே ஆட்கள்தான். இந்த விளையாட்டின் விதி ஏமாற்றுவதைத் தடுக்கவில்லை, முறையிட்டும் பயனில்லை.

ஐஸ்கை வெளியே ரூபாய்க்கு விற்கலாமா என்று சில பொடியள் கேட்கிறார்கள். செய்யாதீர்கள். அது விதிமீறல், கணக்கையே மூடிவிடுவார்கள்.


மாங்குளத்திலிருந்து:

அண்ணாமார் யாரும் சொல்லாத வழி ஒன்று இருக்கிறது. புரொஜெக்ட் டிஸ்கவரி. ஸ்டேசனுக்குள் கப்பலைக் கட்டிவைத்துவிட்டே செய்யலாம், யாரும் சுட முடியாது.

2020இல் ஊரடங்கு. பள்ளிக்கூடம் இல்லை, ரியூசன் இல்லை. அண்ணாவின் லப்டொப்பில் அவன் நித்திரையான பிறகு நான் விளையாடுவேன். அந்த ஜூன் மாதம் விளையாட்டுக்குள் புதிய வேலை ஒன்று வந்தது. உண்மையான இரத்தக் கலங்களை அளந்து எடுத்த புள்ளிப் படங்கள். கூட்டம் கூட்டமாக நிற்கிற புள்ளிகளைச் சுற்றிக் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். கொவிட் நோயில் உடலின் எதிர்ப்புக் கலங்கள் எப்படி மாறுகின்றன என்பதை ஆராய்கிறவர்களுக்கு அது போகும். இதற்கு முன்னும் இரண்டு தடவை இப்படி நடந்திருக்கிறது: 2016இல் மனிதக் கலங்களுக்குள் புரதம் எங்கே இருக்கிறது என்று அடையாளம் காண்பது, 2017இல் தூரத்து நட்சத்திரங்களின் வெளிச்சம் மங்குவதைப் பார்த்து அவற்றைச் சுற்றுகிற கோள்களைத் தேடுவது. கோள் தேடியதில் சேர்ந்திருந்த மிஷெல் மேயர் என்ற விஞ்ஞானிக்கு 2019இல் நோபல் பரிசும் கிடைத்தது.

ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் ஐஸ்க். பெரிய உழைப்பில்லை, ஆனால் என் முதல் ஹெரனையும் அடுத்த நான்கு ஹெரனையும் வாங்கியது அந்தக் காசில்தான். முதலில் கோட்டை இழுத்து இழுத்துப் பிழைவிட்டேன். நெருக்கமாக நிற்கிற இரண்டு கூட்டத்தை ஒன்றாகச் சேர்த்துவிடுவேன். புள்ளிகள் ஐதாகிற பள்ளத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும் என்று நூறு படத்துக்குப் பிறகுதான் பிடிபட்டது.

இப்போது மருத்துவ ஆய்வுகூடப் படிப்பு படிக்கிறேன். இரண்டாம் வருடத்தில் விரிவுரையாளர் திரையில் ஒரு படத்தைப் போட்டு, "இதில் எத்தனை வகைக் கலம் தெரிகிறது?" என்று கேட்டார். வகுப்பு அமைதியாக இருந்தது. எனக்கு அது பழகின முகம் போலத் தெரிந்தது. எழும்பிப் போய்ப் பலகையில் நான்கு வட்டம் போட்டேன். நான்கும் சரி.


கிளிநொச்சியிலிருந்து, மறுபடியும்:

தங்கச்சி, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வவுனியாத் தம்பியின் அப்பா சொன்னதையும்.

பரந்தன் தம்பி இதை வாசித்தால்: நம்முடைய நேரம் பின்னேரம் நான்கரைக்குச் சேர்வர் நாள்தோறும் கொஞ்ச நேரம் நிற்கும். அது திரும்பி வந்ததும் தூரத்து மண்டலங்களில் இன்னும் யாரும் தொடாத சிக்னல்கள் கிடைக்கிற வாய்ப்பு இருக்கிறது, அந்த நேரம் ஐரோப்பாக்காரர் பலர் வேலையில். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு ஜீட்டா நாலு-நாலில் நிற்பேன். உனக்கொரு ஹெரனும் எட்டு புரோபும் எடுத்து வைத்திருக்கிறேன். வேறு யாராவது வருவதென்றாலும் இங்கே ஒரு சொல் எழுதிவிடுங்கள், கணக்காக வாங்கி வைக்கிறேன்.