யூகே 1 வருஷ எம்எஸ்சி நம்ம ஊர்ல செல்லாதா?

காவேரிப்பட்டணம்_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். யூகேல எம்எஸ்சி பயோடெக் முடிச்சுட்டு ஊருக்கு வந்துட்டேன், 1 வருஷ கோர்ஸ். இங்க ஒரு காலேஜ்ல லெக்சரர் வேலை கேட்டு போனா ஆபீஸ்ல இருந்தவரு சர்டிபிகேட்ட முழுசா கூட பாக்கல, ஃபார்ம்ல 2 வருஷம்னு போட்டிருந்த கட்டத்த பேனாவால தட்டி "ஒரு வருஷம் படிச்சதெல்லாம் பிஜி கணக்குல வராதும்மா"ன்னுட்டாரு. அப்பா மாந்தோப்பு பத்திரத்த பேங்க்ல வெச்சு அனுப்புனாரு, அவர்கிட்ட எப்படி சொல்றதுன்னு ரெண்டு நாளா சாப்பாடு எறங்கல. நெஜமாவே செல்லாதா?

பென்னாகரத்து_வாத்தியார்:
செல்லும்மா, முதல்ல சாப்பிடு. 2022 ஜூலைல இந்தியாவும் யூகேவும் ஒப்பந்தம் போட்டாங்க, அங்கத்த 1 வருஷ மாஸ்டர்ஸும் நம்ம மாஸ்டர்ஸுக்கு சமம்னு. இன்ஜினியரிங், மெடிக்கல், நர்சிங், பார்மசி, சட்டம், ஆர்க்கிடெக்சர் மட்டும் அதுல சேராது, உன்னோடது எம்எஸ்சி தானே. ஆனா ஒப்பந்தம் இருக்குன்னு வாயால சொன்னா எந்த ஆபீஸும் ஏத்துக்காது, ஈக்குவலன்ஸ் சர்டிபிகேட், அதாவது உன் டிகிரி இங்கத்த டிகிரிக்கு சமம்னு சொல்ற சான்றிதழ், கைல இருக்கணும். முன்னாடி டெல்லில ஏஐயூங்கற இந்திய பல்கலைக்கழகங்களோட சங்கம் குடுத்துட்டு இருந்தது, 2025 ஏப்ரல்ல யூஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, தனி விதி கொண்டு வந்து அந்த வேலைய தானே எடுத்துக்கிச்சு, அதனால யூஜிசி வெப்சைட்லயே ஆன்லைன்ல அப்ளை பண்ணு, ஏஜென்ட்டுக்கு ஒத்த ரூபா குடுக்காத. இன்னொன்னு, அசிஸ்டன்ட் புரொபசர் ஆகணும்னா இங்க படிச்சவங்களுக்கே நெட், செட்னு இருக்கற தகுதித் தேர்வு பாஸ் பண்ணிருக்கணும், இல்லன்னா பிஎச்டி வேணும், அதுக்கும் இப்பவே படிக்க ஆரம்பி. அந்த ஆபீஸ்காரர் மேல எனக்கு கோவம் தான் வருது, தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும், புள்ளைங்க வாழ்க்கை இது.

ஓசூர்_அண்ணன்:
வாத்தியார் சொன்னது சரி. தங்கச்சி, டிகிரி, மார்க் ட்ரான்ஸ்கிரிப்ட், பாஸ்போர்ட், விசா பக்கம் எல்லாம் ஸ்கேன் பண்ணி வை. ஒரிஜினல லேமினேட் மட்டும் பண்ணிடாத, பின்னாடி அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டு சர்டிபிகேட் உண்மைன்னு அரசாங்கம் குத்துற முத்திரை, தேவைப்பட்டா பேப்பர்ல அத குத்த முடியாம திண்டாடணும். எங்க சித்தி பையன் வெளிநாட்டுல எம்பிபிஎஸ், அவனுக்கு இந்த வழியே கெடையாது, எஃப்எம்ஜிஇன்னு வெளிநாட்டுல மெடிக்கல் படிச்சவங்களுக்கான பரீட்சை எழுதி 300க்கு 150 வாங்கணும். அதனால யாராச்சும் அந்த கதைய சொல்லி பயமுறுத்துனா உன் கேஸ் வேறன்னு சொல்லிடு.

காவேரிப்பட்டணம்_பொண்ணு:
ரொம்ப நன்றி சார், நன்றிணா. லேமினேட் பண்ணல, நல்லவேளை. அப்பா நேத்து தான் டவுனுக்கு எடுத்துட்டு போய் பண்ணிட்டு வரட்டுமான்னு கேட்டாரு, மஞ்சப்பைல பத்திரமா சுத்தி வெச்சிருந்தாரு. இப்பதான் வாங்கி ஸ்கேன் பண்ணிட்டு இருக்கேன், அவர்கிட்டயும் எல்லாத்தையும் சொல்லிட்டேன்.